பொறுப்பு சாரின் ஃப்ரிட்ஜ்

"வாங்கினவங்கதானே கட்டணும்?"

ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்விக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட மகளிடம் அவர் கேட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். அவர் அவள் கையெழுத்துக்குக் கீழே ஜாமீன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வங்கி மேலாளரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"பொறுப்பை எல்லாம் சின்ன வயசுலயே ஊட்டிடணும் சார்."

அந்தச் சொல்லை நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். அதனால் குடியிருப்பில் அவருக்குப் பொறுப்பு சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. மாடிப்படி விளக்கு பகலில் எரிந்தால், அதைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் பொறுப்பைப் பற்றிப் பேசுவார். அணைக்க மட்டும் மாட்டார்.

அப்படிப்பட்ட பொறுப்பு சார்தான் இப்போது, ஒரு வியாழக்கிழமை காலையில், ஆளுயர ஃப்ரிட்ஜ் ஒன்றை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் போன மாதம் நடந்த குடியிருப்புக் கூட்டத்தில் ஆரம்பித்தது. நிலையான வேலையும் போதிய வருமானமும் இல்லாதவர்களின் கல்விக் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யப்போவதாக அன்றுதான் செய்தி வந்திருந்தது. தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசக் கூடியவர்கள் மோட்டாரை மறந்துவிட்டார்கள்.

"கடன்ங்கிறது வாக்கு!" என்று பொறுப்பு சார் மேசையைத் தட்டினார். "என் மகளும்தான் வாங்கினா. மாசாமாசம் கட்டுறா. சில பேர் கடன் வாங்கிப் படிச்சுட்டு, வண்டியில ஊர் சுத்துறாங்க. பேரைச் சொல்ல விரும்பல."

பேரைச் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைத்தான் பார்த்தார். அவளுடைய மகன் இன்ஜினியரிங் முடித்து மூன்று வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். அவன் ஊர் சுற்றிய வண்டியின் பின்னால் பார்சல் பெட்டி கட்டியிருக்கும்.

"வேலை கிடைக்கும்னு சொல்லித்தானே சார் அந்தக் கடனைக் கொடுத்தாங்க?" என்றாள் தையல்காரம்மா மெதுவாக. "வேலைக்கு யாரு பொறுப்பு?"

"அதைப் படிக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்!"

நாலு பேர் கை தட்டினார்கள். பொறுப்பு சார் அன்று இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் செய்தித்தாளில் தள்ளுபடிக்கான நிபந்தனைகளை வாசித்தபோதுதான் அவருக்குச் சோறு செரிக்கவில்லை. மூன்று தடவை வாசித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"நாம மட்டும் என்ன ஏமாளியா?"

"நேத்துதானே அது சோம்பேறிங்க வாங்குறதுன்னு சொன்னீங்க?"

"அவங்க வாங்கினா சோம்பேறித்தனம்தான். நாம வாங்கினா, நாம கட்டின வரி நமக்கே திரும்பி வருது. ரெண்டும் ஒண்ணா?"

மனைவிக்கு வித்தியாசம் புரியவில்லை. ஆனால் முப்பது வருஷமாக அவளுக்குப் புரியாமல்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அலமாரியிலிருந்த அவளுடைய சான்றிதழ்களை எடுத்து அவரே இணையத்தில் விண்ணப்பித்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினம் பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கு, வேலை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டார். வருமானம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

புதன்கிழமை அவர் போனுக்குச் செய்தி வந்தது. "விண்ணப்பம் பெறப்பட்டது. தகுதியுள்ளோர் வீடுகளுக்குச் சனிக்கிழமை அலுவலர் நேரில் வருவார்." முதல் வரியையும் கடைசி இரண்டு சொற்களையும் மட்டும் படித்துவிட்டு, "வர்றாங்க!" என்று கத்தினார்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே மகள் ஆரம்பித்தாள்.

"அப்புறம், அப்புறம்."

ஃப்ரிட்ஜ், டிவி, துணி துவைக்கும் மெஷின் மூன்றும் போன வருஷம் மகள் தன் சம்பளத்தில் வாங்கிப் போட்டவை. மூன்றும் பளபளவென்று நின்றன. முதலில் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு போர்வையைப் போட்டுப் பார்த்தார்.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள யாரோ முக்காடு போட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

மொட்டை மாடிக்கு ஏற்றலாமா என்று யோசித்தார். மழை வந்தால் என்ன செய்வது? கடைசியில் வேறு வழியில்லாமல், கூட்டத்தில் பார்த்த அதே முகத்தைப் பார்க்க எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா. வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறோம். மூணே மூணு சாமான். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிறேன்."

தையல்காரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"வைங்க சார். எங்க வீட்டுல காலி இடத்துக்குப் பஞ்சமே இல்ல."

இரண்டு கூலியாட்கள் அரை மணி நேரத்தில் மூன்றையும் இடம் மாற்றினார்கள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவை வழி தவறி வந்த விருந்தாளிகள் மாதிரி நின்றன.

பெயின்ட் என்று சொல்லியாயிற்று. பெயின்ட் வாசனை வராவிட்டால் சந்தேகம் வருமே! வெள்ளிக்கிழமை ஒரு டப்பா வாங்கி வந்து கூடத்துச் சுவரில் அடித்தார். சுவர் புது வீட்டுச் சுவர் மாதிரி மின்னியது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"புதுசா பெயின்ட் அடிச்ச வீட்டை ஏழை வீடுன்னு எவன் நம்புவான்?"

பொறுப்பு சாருக்கு வியர்த்தது. டீத்தூளைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைத் துணியில் நனைத்து, காயாத சுவரில் அங்கங்கே ஒற்றினார். சுவர் சொறி பிடித்த மாதிரி ஆனது.

"காசு கொடுத்து வாங்கின பெயின்ட், அதுக்கு மேல காசு கொடுத்து வாங்கின டீத்தூள்" என்றாள் மனைவி. "ஏழையா இருக்க இவ்வளவு செலவாகும்னு எனக்குத் தெரியாம போச்சு."

மகள் வேலையிலிருந்து வந்து சுவரைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தை மறுபடி பார்த்தாள்.

"பெயின்ட் வேலைம்மா" என்றார் அவசரமாக.

"சரிப்பா. நாளைக்குச் சாயங்காலம் ஒரு காகிதம் காட்டணும். அந்த..."

"அப்புறம்னு சொன்னேன்ல?"

சனிக்கிழமை மூன்று மணிக்கு, கிழிந்த பனியனைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவில் இருந்த கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தபடி நின்றார். தடிமனான கோப்போடு அலுவலர் படியேறி வந்தார். வந்தவர் எதிர்வீட்டு மணியை அடித்தார்.

பொறுப்பு சாருக்குப் பகீரென்றது. தையல்காரம்மாவும் விண்ணப்பித்திருப்பாள், அவள் வீட்டுக்கும் இன்றைக்கே வருவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருடைய யோசனையில் அடுத்தவர்கள் வருவதே இல்லை. கதவில் காதை வைத்தார்.

"மாச வருமானம்?"

"தையல்ல வர்றதும், பையன் பார்சல்ல கொண்டு வர்றதும்தான் சார்."

"ஃப்ரிட்ஜ் புதுசா இருக்கு. டிவி பெருசா இருக்கு. வாஷிங் மெஷின் வேற!"

"ஐயோ, அது எங்களுது இல்ல சார். எதிர்வீட்டு சாரோடது."

"நேத்து ஒரு வீட்டுல, வாசல்ல நின்ன காரே எதிர்வீட்டோடதுன்னாங்க."

அடுத்த நிமிஷம் பொறுப்பு சார் வீட்டு மணி அடித்தது. திறந்தார். அலுவலருக்குப் பின்னால் தையல்காரம்மா, நாடாவின் இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதிர்வீட்டுல இருக்கிற ஃப்ரிட்ஜ், டிவி, மெஷின் எல்லாம் உங்களுதா சார்?"

"சொல்லுங்க சார்" என்றாள் தையல்காரம்மா.

பொறுப்பு சாருக்குப் பின்னால் காலிக் கூடம். டீத்தூள் சுவர். மூன்று நாள் உழைப்பு. 'ஆமாம்' என்று சொன்னால் எல்லாம் வீண்.

"எங்க வீட்டுல ஏதுங்க ஃப்ரிட்ஜ்? நாங்க பானைத் தண்ணி குடிக்கிறவங்க."

உள்ளே மனைவி கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க பையனோட தள்ளுபடி இதுலதான் நிக்குது."

"அடுத்தவங்க பொருளை என் பொருள்னு சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது சார்."

"அப்போ சாட்சியா இங்க ஒரு கையெழுத்து."

போட்டார். அழகான, பொறுப்பான கையெழுத்து. தையல்காரம்மா கத்தவில்லை.

"பெயின்ட் காய்ஞ்சுடுச்சா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

அலுவலர் சிவப்புப் பேனாவைத் திறந்தபோது மகள் படியேறி வந்தாள். அப்பாவின் கிழிந்த பனியனைப் பார்த்தாள். திறந்திருந்த எதிர்வீட்டுக் கதவு வழியாகத் தன் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அலுவலர் கையிலிருந்த தாளை எட்டிப் படித்தாள். அதிலிருந்த கையெழுத்தை அவளுக்குப் பதினெட்டு வயதிலிருந்தே தெரியும்.

போனை எடுத்து, மூன்று சாமான்களுக்கும் உரிய ரசீதுகளை ஒவ்வொன்றாக அலுவலரிடம் காட்டினாள். ரசீதுகளில் அவள் பெயரும் அப்பா நின்ற கதவின் எண்ணும் இருந்தன. பிறகு அவருடைய பேனாவை வாங்கி, அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே "இவை என்னுடையவை" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அலுவலர் சிவப்புப் பேனாவை மூடினார். நீலப் பேனாவால் ஏதோ எழுதினார்.

"உங்க பையனுக்குக் கிடைச்சுடும்மா."

தையல்காரம்மா நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொறுப்பு சார் தொண்டையைக் கனைத்தார். இவ்வளவு நடந்த பிறகும் அவருக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது.

"சார், அது போகட்டும். எங்க வீட்டை எப்போ பார்ப்பீங்க? என் மகளுக்கும் மனு போட்டிருக்கேன்."

அலுவலர் கோப்பைப் புரட்டினார். ரசீதில் பார்த்த பெயரில் விரலை வைத்தார்.

"உங்க வீட்டை எதுக்கு சார் பார்க்கணும்? உங்க பொண்ணு போன வாரமே கடைசி தவணையையும் கட்டி முடிச்சுட்டாங்க."

மகள் பையிலிருந்து வங்கி முத்திரை குத்திய ஒரு காகிதத்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கினாள். போகிற போக்கில், பகலில் எரிந்துகொண்டிருந்த மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.