யாத்திரிகருக்கு பீர் கிடையாது

அந்த ஆகஸ்டில் நான் பக்திமான் ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். நிரந்தரமாக அல்ல. மூன்று நாளைக்கு.

காரணம், பக்கத்துத் தீவில் இருக்கும் டோகுஷிமா. முன்னோர்களுக்குப் படைக்கிற 'போன்' பண்டிகை வந்தால் அந்த ஊரே தெருவில் இறங்கி ஆடும். வெளியூர்க்காரனும் கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நுழையலாம், நீ யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அங்கே போய் ஒரே ஒரு தரம் ஆட வேண்டும். என் கல்யாண விருந்தில் நான் நாலு அடி ஆடினேன். என் மனைவி ஃபுசாயோ, மனைவியாகி அரை நாள்கூட ஆகாதவள், சபை நடுவே சொன்னாள்: "சுடுமணல்ல மாட்டின நண்டு மாதிரி இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாதான் ரொம்பச் சிரித்தாள். அன்று இறங்கிய கை முப்பத்தைந்து வருஷமாக மேலே வரவில்லை.

ஆனால் ஆசை போகுமா? போன வருஷத்திலிருந்து ஃபுசாயோ புதன்கிழமை மாலைகளில் மூட்டுவலிப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தாள். அவள் தலை மறைந்ததும் நான் என் சைக்கிள் கடையின் பின்னறையில், டயர்களுக்கு நடுவே, விசிறியும் கையுமாக ஆடிப் பழகினேன். டயர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை.

கூட்டாளிகள் இருவர். மொரியாசு, எங்கள் தெரு முடிதிருத்தகக்காரன். டோகுஜி, ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். அவர்களுக்கு ஆட்டம் பெரிதில்லை. பீர் பெரிது. மனைவி பக்கத்தில் இல்லாத பீர். எண்பத்தெட்டுக் கோயில் யாத்திரை டோகுஷிமாவுக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்று ஞாபகப்படுத்தியவன் நான். என் மூளையை மொரியாசு தட்டிக்கொடுத்தான். அன்றிரவே வீட்டில் பேச்சை எடுத்தேன்.

"ஃபுசாயோ, நான் யாத்திரை போகப்போறேன்."

"என்ன யாத்திரை?"

"எண்பத்தெட்டுக் கோயில். இப்போதைக்கு ஒரு பத்துப் பன்னிரண்டு. மொரியாசுவும் டோகுஜியும் வர்றாங்க. மனசு கேக்குது."

"உங்க மனசா?"

"ஏன், எனக்கு மனசு இருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும். இத்தனை வருஷமா சத்தமே காட்டலியேன்னு கேட்டேன். எப்போ?"

"போன் சமயத்துல."

"அந்த வெயில்லயா?"

"கஷ்டப்பட்டாத்தானே புண்ணியம்!"

"பன்னிரண்டாவது கோயில் மலை உச்சியில இருக்கு. யாத்திரைக்காரங்க உருண்டு விழற பாதைன்னே அதுக்குப் பேரு."

"உருண்டாலும் சரி, அதையும் ஏறாம வரமாட்டேன்."

ஃபுசாயோ என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு கை குவித்தாள். "எவ்வளவு நல்ல காரியம்! வெள்ளை உடுப்பு நானே தைச்சுத் தரேன். தங்கற இடமும் நானே பார்த்துச் சொல்லிடறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணமானவன் அப்படி நினைத்த உடனே உஷாராகியிருக்க வேண்டும்.

கிளம்பும் நாளன்று எங்கள் கடைத்தெரு முழுக்க ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. நாங்கள் மூவரும் வெள்ளை உடுப்பு, கோரைத் தொப்பி, மணி கட்டிய கைத்தடி. யாத்திரிகரோடு, இந்த யாத்திரையைத் தொடங்கிவைத்த தைஷி மகானும் கூடவே நடக்கிறார், கைத்தடியே அவர்தான் என்பதால், தொப்பியில் 'இருவராய்ப் போகிறோம்' என்று எழுதியிருக்கும். சலவைக்கடை அம்மாள் அழுதேவிட்டாள். மீன்கடைக்காரர் தன் மகனின் பரீட்சையை எங்கள் பொறுப்பில் விட்டார். என் பைக்கு அடியில் ஆடுவதற்கென்று அலைகள் போட்ட யுகாதா அங்கி ஒன்றும், விசிறியும், இடுப்புத் துணியும் பதுங்கியிருந்தன. அவற்றை நான் ராத்திரியே வைத்துவிட்டேன். ஃபுசாயோ என் பையைத் தொட்டு, "இன்னொரு தரம் அடுக்கிட்டேன், கசங்காது" என்றாள். எனக்குக் கண் கலங்கியது.

முதல் மூன்று கோயில்களையும் ஒழுங்காகவே கும்பிட்டோம், பொய் சொல்லவில்லை. மணி அடித்தோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம், ஊதுபத்தி வைத்தோம், மீன்கடைக்காரர் மகனுக்காக வேண்டிக்கொண்டோம். போட்டோவும் எடுத்தோம். முதல் கோயிலில் தொப்பியோடு, இரண்டாவதில் தொப்பி இல்லாமல், மூன்றாவதில் களைத்துப்போன முகத்தோடு. ஒரு நாள் படத்தை மூன்று நாளைக்குப் பங்கிட்டு அனுப்புவது என்று ஏற்பாடு. மூன்றாவது கோயிலின் மர நிழலில் டோகுஜி உட்கார்ந்துவிட்டான்.

"டேய் செய்கிச்சி, என்னமோ மனசுக்கு இதமா இருக்கு. மீதியையும் பார்த்துடலாமா?"

"எழுந்திரு. ரயிலுக்கு நேரமாச்சு."

முதல் படத்தை அனுப்பினேன். ஃபுசாயோவிடமிருந்து உடனே பதில்: "புல்லரிக்குது."

அவள் ஏற்பாடு செய்த யாத்திரிகர் விடுதி டோகுஷிமா நகரத்தின் நட்டநடுவில் இருந்தது. என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பாய், தலையணை தவிர அங்கே எதுவும் தர மாட்டார்கள். அதனால் என்ன? தெருவில் மத்தளம் முழங்க ஆரம்பித்துவிட்டது. என் தோள் தானாகத் துடித்தது. பையைத் திறந்தேன்.

யுகாதா இல்லை. இன்னொரு வெள்ளை உடுப்பு இருந்தது, இஸ்திரி போட்டு. விசிறி இருந்த இடத்தில் ஊதுபத்தி.

"என் பையிலயும் வெள்ளைதான்டா!" என்றான் மொரியாசு.

"எனக்கு ரெண்டு வெள்ளை" என்றான் டோகுஜி. "பாவம், நம்ம வீட்டுக்காரிங்களுக்கு பக்தி முத்திடுச்சு."

அவன் வெகுளி. ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துணிக்கடைக்கு ஓடினோம். கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்ததும் வேலையை விட்டு எழுந்து, குனிந்து வணங்கி, ஆளுக்கொரு துவாலை கொடுத்தாள். யாத்திரிகருக்குச் செய்கிற உபசாரம். அதை மறுக்கக் கூடாது, அந்தத் தீவின் வழக்கம் அப்படி. துவாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு, "ஆடறதுக்கு யுகாதா குடும்மா" என்று எப்படிக் கேட்பது? மூவரும் அசடு வழிய நின்றோம். கடைசியில் டோகுஜி வாயைத் திறந்தான்.

"யுகாதா வேணும். பேரனுக்கு."

அந்த அம்மாள் உருகிப்போய், நாலு வயசுப் பையன் அளவில், தவளை போட்ட யுகாதா ஒன்றை எடுத்து நீட்டினாள். அதுவும் உபசாரம்.

"பேரனுக்குன்னு ஏன்டா சொன்னே? தம்பிக்குன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்குத்தான் தம்பியே கிடையாதே!"

அடுத்தது பீர் கடை. வரிசையில் நின்று மொரியாசு மூன்று விரலைக் காட்டினான். கடைக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "ஐயா, இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று தழுதழுத்தான். மூன்று பெரிய கோப்பை வந்தது. பார்லித் தண்ணீர். நுரைகூட இல்லை.

"பீரு..." என்றான் மொரியாசு, ஈனசுரத்தில்.

"வேணாம்னு எனக்குத் தெரியாதா ஐயா? குடிங்க, இன்னும் தரேன்."

அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஒரு பாட்டி வாழைப்பழச் சீப்பு கொடுத்தாள். ஒருத்தர் சோற்றுருண்டை கொடுத்தார். ஒரு குண்டு மனிதர் முழுத் தர்பூசணி ஒன்றை மொரியாசுவின் கையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். வாழைப்பழப் பாட்டி தன் முழங்காலைக் காட்டி, ஒரு மந்திரம் ஓதச் சொன்னாள். எங்களுக்கு முதல் வரிதான் தெரியும். அதையே ஒன்பது தரம் ஓதினோம். பாட்டி எழுந்து, "வலி குறைஞ்சிருக்கு" என்றாள். உடனே இன்னும் நாலு முழங்கால் வரிசையில் வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்தடி தள்ளி நான் ஒரு வருஷமாகக் கனவு கண்ட ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது. நான் முழங்காலுக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'யாட்டோ சா!' என்று ஒரு கூட்டம் கூவிக்கொண்டே வந்தது. எல்லாரும் பெண்கள். நெற்றி மறைய, மூக்கு மறைய, மடித்த புல் தொப்பி. கை மேலே, மரச் செருப்பின் நுனியில் நடை. கடைசி வரிசைப் பெண் என் பக்கம் திரும்பி, விரலால் கூப்பிட்டாள்.

என்னைத்தான்.

கைத்தடியை டோகுஜியிடம் கொடுத்தேன். "மகானைப் பிடிச்சுக்கோ" என்றேன். இறங்கினேன்.

ஆடினேன்! டயர்களுக்கு நடுவே பழகிய கை, காற்றில் தானாகப் போயிற்று. வெள்ளை உடுப்பு பறந்தது. கூட்டம் கைதட்டியது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அவ்வளவு சந்தோஷம். முன்னால் ஆடிய பெண்ணின் வளைவும் நெளிவும் என்ன அழகு! கிட்டப் போனேன்.

"கொஞ்சம் முட்டியை மடக்குங்க" என்றாள் அவள். "நண்டு இன்னும் முழுசா மணலை விட்டு வரல."

கால் அப்படியே நின்றுவிட்டது. உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் அதைச் சொல்லும்.

"ஃபுசாயோ?"

"நிக்காதீங்க. பின்னால வர்றவங்க இடிப்பாங்க. ஆடுங்க."

ஆடினேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து, அவள் உத்தரவின் பேரில்.

"மூட்டுவலி?"

"புதன்கிழமை புதன்கிழமை ஆடி ஆடிக் குறைச்சேன்."

அவளுக்குப் பக்கத்துத் தொப்பி இரண்டும் குலுங்கிச் சிரித்தன. ஒன்று டோகுஜியின் மனைவி. இன்னொன்று மொரியாசுவின் மனைவி ஷிகேனோ. ஷிகேனோ பிறந்து வளர்ந்த ஊரே டோகுஷிமாதான், இந்த ஆட்டக் குழுவே அவள் தங்கையுடையது. அதை மொரியாசுவே மறந்திருந்தான் என்றால் நான் என்ன செய்ய?

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"போன் சமயத்துல செத்துப்போனவங்கல்லாம் வீட்டுக்கு வருவாங்க. மூத்த பிள்ளை அப்ப வீட்டை விட்டுட்டுப் புண்ணியம் தேடிப் போறேன்னா நம்புவாங்களா?"

எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். என் மூளையை மொரியாசு வேறு தட்டிக்கொடுத்தானே!

"அப்போ அம்மாவுக்கு..."

"படையல் வெச்சு, விளக்கு ஏத்திட்டுத்தான் ரயில் ஏறினேன். நாங்க சமாளிச்சுக்கறோம், நீ போய் அவனைப் பாருன்னாங்க உங்கம்மா."

"அம்மா செத்து ஒன்பது வருஷமாச்சு ஃபுசாயோ."

"அதான், இப்பல்லாம் அவங்களுக்கு எல்லாமே தெரியுது."

தெருமுனை வரை ஆடினோம். அங்கே தொப்பியை நிமிர்த்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அவள் சொன்னாள்: "நல்லாத்தான் ஆடறீங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் எண்பத்தெட்டுக் கோயில் நடக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

"தெரியும்" என்றாள். துணியில் கட்டிய மூன்று சாப்பாட்டுப் பெட்டிகளை என் கையில் வைத்தாள். தர்பூசணியோடும் தவளை யுகாதாவோடும் மூச்சு வாங்க வந்து சேர்ந்த மற்ற இருவரும் திகைத்து நின்றார்கள். ஃபுசாயோ தொடர்ந்தாள்: "நாளைக்கு விடியக்காலை பன்னிரண்டாவது கோயில். அடிவாரம் வரைக்கும் வண்டி சொல்லியிருக்கேன்."

"ஃபுசாயோ, அந்த மலையா? இந்த வெயில்லயா?"

"இது எங்க மூணு பேரோட உபசாரம். மறுக்கக் கூடாது."

"நீங்களும் வாங்களேன்?"

"எங்களுக்கு நாளைக்கும் ஆட்டம் இருக்கு. நீங்க என்ன தனியாவா போறீங்க? மகான் வர்றாரே!"

பெட்டிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதுவும் வழக்கம். அதற்குள் ஷிகேனோ மூன்று கோப்பை பீர் வாங்கி வந்துவிட்டாள், நுரை வழிய. ஃபுசாயோ ஒன்றைத் தூக்கி நீளமாக ஒரு மடக்கு இழுத்தாள். எனக்கு நாக்கு உலர்ந்தது.

"ஒரே ஒரு வாய்..." என்றேன்.

"உபசாரத்தைக் கேட்டு வாங்கக் கூடாதுங்க" என்றாள் ஃபுசாயோ, என் கையில் பார்லித் தண்ணீரைக் கொடுத்து. "கொடுக்கறதைத்தான் வாங்கிக்கணும்."