பக்கத்து வீட்டு ராக் கோஷ்டியும் என் நெற்றி விபூதியும்

மாடம்பாக்கம்,
நவம்பர் 1992

சிரஞ்சீவி ஸ்ரீநிவாசனுக்கு,

அண்ணா ராஜகோபாலன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. முழங்கால் வலி நீங்கலாக நானும் உன் மன்னி திரிபுரசுந்தரியும் இங்கே சௌக்கியம். நாக்பூர்க் குளிரில் நீயும் குழந்தைகளும், முழங்கால் உட்பட, சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

குரோம்பேட்டையிலிருந்து நம் தங்கை பட்டு உனக்கு எஸ்.டி.டி. போட்டு, "பெரியண்ணா மதம் மாறிட்டார், சர்ச் மேடையில ஏறிக் கை தட்டிண்டு நிக்கறார், என் கண்ணால பார்த்தேன்" என்று அழுததாகவும், அதிலிருந்து உனக்குத் தூக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தாய். மேடை ஏறியது நிஜம். கை தட்டியதும் நிஜம். மதம் மட்டும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

பக்கத்து வீட்டு தனசிங்கை உனக்குத் தெரியும். போன தடவை நீ வந்தபோது உன் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாரே, டெலிபோன் இலாகாவில் வேலை செய்யும் நாகர்கோவில்காரர். அவர், அவர் மனைவி ஞானசௌந்தரி டீச்சர், ஆர்மோனியம் வாசிக்கும் டீச்சரின் தங்கை மெட்டில்டா, வயலினுக்கு அசரியா என்ற சிநேகிதர், தபலாவுக்கு ஒருவர் என்று ஒரு கீர்த்தனைக் கோஷ்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆர்மோனியம் கேட்டதும் நான் ஈஸி சேரைக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் போட்டுக்கொள்வேன். தனசிங்கின் குரல் அப்படி. பிலஹரி ராகத்தில் அவர் மேலே போய் நிற்கிற இடத்தில் என் கையில் காபி ஆறிப்போகும். அந்த மனிதருக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. உயிர் பிழைத்தார், ஆனால் சனிக்கிழமைகள் ஊமையாகிவிட்டன. விசாரிக்கப் போனால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, லாரியிலிருந்து இரும்புத் தகடு இறக்குகிற மாதிரி ஒரு சத்தம். வாசலுக்கு ஓடிப் பார்த்தால் லாரி இல்லை, சத்தம் தனசிங் வீட்டிலிருந்து வருகிறது. அதற்குள் எங்கள் காலனி சங்கச் செயலாளர் லோகநாதன் (இந்த ஊர்ப் பழைய குடும்பம், இன்றைக்கும் வீட்டில் மாடு வைத்திருக்கிறார்) லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இன்னா சார் பேஜாரு இது! செவுரு ஆடுது, எங்க வூட்டு மாடு மிரண்டுகினு நிக்குது. நீங்க படிச்சவரு, பக்கத்து வூடு வேற, பதமா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். கோபமாகப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

போனால், அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கும் அந்த மெட்டில்டா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறார். அசரியா கையில் வயலினைக் காணோம், தோளில் மின்சார கிதார் தொங்குகிறது. அதன் நாதம் காடாத்துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்ததால், "ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு போலிருக்கே" என்று அக்கறையாகச் சொன்னேன். அவர் காலடியில் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டி, "இல்ல சார், நல்ல சத்தத்தைக் கிழிக்கிறதுக்குன்னே இருக்கிற பெட்டி இது. பர்மா பஜார் பூரா அலைஞ்சு வாங்கினோம்" என்றார். நன்றாக இருப்பதை ஒருவர் ஏன் அலைந்து திரிந்து கெடுக்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை. புரியாததால் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது தனசிங் மைக் முன்னால் வந்து வாயைத் திறந்தார். ஸ்ரீநிவாசா, சிமெண்டுத் தரையில் மர பெஞ்சை இழுத்தால் வருமே, அந்தக் குரல். பாட்டு அதே பழைய கீர்த்தனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த டீச்சர் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் வீட்டு ஜெபத்துலகூட இவங்க வாயைத் திறக்கல சார். கோவில்ல கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்குவாங்க. பாட்டுதான் போயிட்டே, இனி நான் எதுக்குன்னு ஒரு நாள் கேட்டாங்க. அன்னைக்குத்தான் மெட்டில்டா ஒரு கேசட் கொண்டாந்து போட்டா" என்றார். மெட்டில்டா ட்ரம்ஸ் குச்சியோடு வந்து சேர்ந்துகொண்டார். "இருபது வருசத்துக்கு முந்தின இங்கிலீஷ் ராக் பாட்டு சார். பாடுறவங்க எல்லாருக்கும் அத்தான் தொண்டைதான். இத்தனைக்கும் அவங்க யாரும் ஆபரேஷன் பண்ணிக்கல. இந்தத் தொண்டைக்குன்னு ஒரு பாட்டு இருக்கும்போது நாம ஏன் பழசையே கட்டிக்கிட்டு அழணும்?" இந்தக் கூத்துக்கு வர முடியாது என்று தபலாக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். "அறுப்பின் பண்டிகையில இப்படிப் பாட ஐயரும் சரின்னுட்டாங்க" என்றார் டீச்சர். "நான் எப்போ சரின்னேன்?" என்று பதறினேன். அவர்கள் சபையில் பாதிரியாரைத்தான் ஐயர் என்பார்களாம்.

வெளியே வந்தால் லோகநாதன் கேட்டிலேயே நிற்கிறார். "சொன்னீங்களா சார்?" "இன்னும் விஷயம் முழுசாப் புரியலை, அடுத்த சனிக்கிழமையும் போகணும்" என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். நாலு அடித் தாளத்தில் நாம் ஒன்றாவது அடியிலும் மூன்றாவது அடியிலும் தட்டுவோம். மெட்டில்டாவோ இரண்டிலும் நாலிலும் ஓங்கிப் போடுகிறார். "அடி தப்பின இடத்துல விழறதேம்மா" என்றேன். "அங்க விழுந்தாத்தான் சார் ராக்" என்றார். அது எப்படி என்று வீட்டில் தட்டித் தட்டிப் பார்த்தேன். "ஏன்னா, சந்தியாவந்தனத்துக்கு நடுவுல என்ன கை தட்டறேள்?" என்றாள் உன் மன்னி.

விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அந்த அறுப்பின் பண்டிகைக்குக் காலனி முழுக்க அழைப்பு. சர்ச் மைதானத்தில் வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலம் போய் முடிந்ததும் இவர்கள் மேடை ஏறினார்கள். சபைப் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஜனம் பாவம், தனசிங் மறுபடி பாடுகிறாரே என்ற பிரியத்தில் உற்சாகமாகத் தட்ட ஆரம்பித்தது. அங்கேதான் வினை. கீர்த்தனைக்குத் தட்டுகிற மாதிரி ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறார்கள்! மெட்டில்டா ஒரு பக்கம் இழுக்க, சபை ஒரு பக்கம் இழுக்க, அசரியா தடுமாறி நின்றுவிட்டார். தனசிங் பாதியில் நிறுத்தினார். மைக்கை விட்டுப் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கடைசி பெஞ்சுக்கே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. எப்படி ஏறினேன் என்று தெரியாது, முழங்கால் வலியும் நினைவில்லை, நெற்றி நிறைய விபூதியோடு மேடையில் நின்று, "ஒண்ணுல தட்டாதீங்கோ! ரெண்டு, நாலு! என் கையைப் பாருங்கோ!" என்று கத்தினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு முன்வரிசை பிடித்துக்கொண்டது. பிறகு மைதானமே. மெட்டில்டா "ஓய்!" என்று ஒரு சத்தம் கொடுத்து அடித்தார். தனசிங் மைக்குக்குத் திரும்பினார். பெஞ்சை இழுக்கிற அந்தக் குரல் எழும்ப, கிதாரும் கூடவே கிழிந்துகொண்டு எழும்பியபோது அந்தப் பெட்டி எதற்கென்று எனக்கு விளங்கிற்று. கூட இருப்பதும் கரகரத்தால் அவர் குரல் தனியாக நிற்காது. இதைத்தான் நம் பட்டு தாம்பரம் போகிற பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

பாட்டு முடிந்ததும் பெரியவர் ஒருவர் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு வந்து, "தனசிங்கு, முன்னெல்லாம் நீ பாடுவே, நாங்க கேட்டுக்கிட்டிருப்போம். இன்னைக்கு எங்களையும் சேத்துப் பாட வச்சுட்டியே" என்றார். தனசிங் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை. இப்போது காலையில் ஸ்கூட்டர் துடைக்கும்போதுகூடப் பாடுகிறார். லோகநாதனிடம் புகார் என்னவாயிற்று என்று கேட்டேன். "சத்தம் கீது சார், இல்லன்னு சொல்லல. ஆனா மாடு பழகிக்கிச்சு" என்றார்.

ஆகையால் நீ நிம்மதியாகத் தூங்கு. நான் தாளம்தான் காட்டினேன், வேறொன்றும் செய்யவில்லை. இனிமேல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பதோடு சரி. நம் குடும்பத்தில் ஒருவரும் அந்த மேடையில் கால் வைக்கப்போவதில்லை, இது நிச்சயம். பட்டுவுக்கும் இதை அழுத்தமாக எழுதிவிடு.

குழந்தைகளுக்குப் பெரியப்பாவின் அன்பும், உன் ஆத்துக்காரிக்கு எங்கள் இருவர் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
உன் அண்ணா,
ராஜகோபாலன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் மன்னி வாங்கிப் படித்துவிட்டு, "யாரைக் கேட்டுண்டு ஒருத்தரும் ஏறமாட்டான்னு எழுதினேள்?" என்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் பொழிச்சலூரில் பாட இந்தக் கோஷ்டியைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். டீச்சரோடு மேல் ஸ்தாயியில் பாட ஆள் வேண்டியிருந்ததாம். நான் பகலில் தூங்குகிற நேரமாகப் பார்த்து இவள் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பழகி முடித்தாகிவிட்டதாம். இன்று நான் தூங்கும்போது என்னோடு சண்டை போட வந்த பட்டு அதைக் கேட்டுவிட்டு, தானும் பாடுவதாகச் சொல்லி, இந்த நிமிஷம் அங்கேதான் இருக்கிறாளாம். மேடையில் இடம் போதாது, நீங்கள் கீழே உட்காருங்கள் என்று எனக்கு உத்தரவாகியிருக்கிறது.