மண்ணுளிப் பாம்புக்கு மின்சார மெத்தை

ஒரு பாம்புக்காகத் தன் வயிற்றைச் சுட்டுக்கொண்ட மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் சங்கரன்கோவில் ரேடியோ அண்ணாச்சி. வேறு யாராவது இருப்பதாக நிரூபித்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அவருடைய ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த அறையில் குடியிருந்தேன். அரசாங்க கிளார்க். எனக்கு எந்நேரமும் ஒரே நினைப்பு, சொந்த ஊரான மதுரைக்கு மாற்றல் வாங்குவது. அண்ணாச்சிக்கு ஒரே கொள்கை, அடிபட்ட எதையும் தூக்கிப் போடக் கூடாது. அந்தக் கொள்கை ரேடியோவோடு நின்றிருக்கலாம்.

ஒரு கார்த்திகை மாதம் குருவிகுளத்து விவசாயி ஒருவர் டிரான்சிஸ்டரோடு ஒரு மஞ்சள் பையையும் மேஜையில் வைத்தார். பைக்குள் மண்ணுளிப் பாம்பு. கலப்பை கீறி முதுகில் காயம்.

"அடிக்க மனசு வரல அண்ணாச்சி. பாம்ப அடிச்சிட்டு நம்மூர் கோயிலுக்குள்ள எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?"

"ரேடியோவ நாளைக்கு வாங்கிக்கிடும். இவன் தேற ரெண்டு மாசம் ஆவும்" என்றார் அண்ணாச்சி.

பழைய மீன் தொட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், மேலே கம்பி வலை. காயம் ஆறியது. ஆனால் மார்கழிக் குளிரில் பாம்பு சுருண்டே கிடந்தது, இரையைத் தொடவில்லை.

"வயித்துல சூடு இருந்தாத்தான்வே இவனுக்குச் செரிக்கும். இப்படியே விட்டா செத்துருவான்" என்றார். வெயிலைத் திட்டாமல் யாரும் காபி குடிக்காத ஊரில், சூட்டுக்காகக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் சமயத்தில் கடையநல்லூர் பாய் ஒருவரின் மின்சாரச் சூட்டு மெத்தை ரிப்பேருக்கு வந்திருந்தது. தாயாரின் இடுப்பு வலிக்காக துபாயிலிருந்து வாங்கி வந்தது. பாம்புக்குக் கேட்டதும் பாய், "வச்சிக்கிடுங்க. உம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று கொடுத்துவிட்டார்.

அண்ணாச்சி அதை உடனே தொட்டிக்கு அடியில் வைத்துவிடவில்லை. மெத்தையை 'மீடியத்தில்' போட்டு, அதன் மேல் ஒரு கண்ணாடியை வைத்து, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டார். கடைக்கு வந்த ஒருவர் பதறிப்போனார்.

"அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இப்போ நான் பாம்பு. சத்தம் போடாதேயும்."

எழுந்தபோது வயிற்றில் தோசை அளவுக்குச் சிவப்பு. அன்றே சட்டங்கள் பிறந்தன. மெத்தை தொட்டியின் ஒரு ஓரத்துக்கு மட்டும், மறு ஓரம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், சூடு போதுமென்றால் பாம்பே நகர்ந்துகொள்ளும். கீழே சூடு அடைபட்டால் கண்ணாடி விரிசல் விடும் என்று நான்கு மூலைக்கும் கேரம் காய் கொடுத்துத் தொட்டியைத் தூக்கினார். சுவிட்ச் எப்போதும் 'லோ'. மணலின் மேல் ஒரு தெர்மாமீட்டர். நான்காம் நாள் பாம்பு ஒரு எலியை விழுங்கியது. அண்ணாச்சி தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஒரு விநோதம். மெத்தை சூடாகிக்கொண்டே இருக்க, தெர்மாமீட்டர் நாளுக்கு நாள் இறங்கியது. "குளிரு சாஸ்தியாவுது" என்று அண்ணாச்சி சுவிட்சை 'மீடியத்துக்கு'த் திருப்பினார். மறுநாள் காலை, மண்ணைவிட்டு வெளியே வராத பாம்பு மேலே வந்து வலையை முட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மணலுக்குள் விரலை விட்டார். அலறிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார்.

"அடி கண்ணாடி அடுப்பா கொதிக்கி! மேல ஒண்ணுமே தெரியல. ரெண்டு விரல் மண்ணுதானவே போட்டேன்? இப்ப நாலு விரல் இருக்கு. மண்ணு என்ன குட்டியா போட்டுச்சு?"

மண்ணைப் போட்டது நான். சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் கோயில் பிரசாதம். பாம்பு கோயிலுக்கே வேண்டப்பட்டதாயிற்றே என்று தினமும் காலையில் ஒரு பிடியைத் தொட்டிக்குள் போட்டுக் கும்பிட்டுவந்தேன். என்னைப் பார்த்து டீக்கடைக் கூட்டமும் போட்டது. மண் ஏற ஏற, சூடு மேலே வராமல் அடியிலேயே தங்கிவிட்டது.

ஒத்துக்கொண்டேன். "என்ன வேண்டுதல்?" என்றார் அண்ணாச்சி.

"மதுரைக்கு மாத்தல், அண்ணாச்சி."

"உம்ம மாத்தலுக்கு என் பாம்ப ஏன்வே வேக வைக்கீரு?"

பாம்பின் அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு. அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மாற்றலே வேண்டாம், பாம்பு பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன், இந்தத் தடவை மண் போடாமல்.

நான்காம் நாள் பாம்பு தண்ணீர் குடித்தது. "என் மேலயும் தப்பிருக்குவே. அவன் படுக்குறது அடியில, நான் சூடு பாத்தது மேல" என்றபடி அண்ணாச்சி தெர்மாமீட்டரை மணலுக்கடியில் கண்ணாடியை ஒட்டிச் சொருகினார். தை பிறந்து வெயில் ஏறியதும் இருவருமாகப் போய்ப் பாம்பைக் குருவிகுளத்துக் காட்டிலேயே விட்டுவந்தோம்.

வேண்டாம் என்ற பிறகுதான் மாற்றல் உத்தரவு வந்தது. வழியனுப்ப வந்த அண்ணாச்சி எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினார். இன்ஜினை ஒட்டிய சீட்டிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்து, நாலாவது வரிசையில் நின்றார்.

"இங்கன உக்காரும். இங்கன சூடு இல்ல."

ஆசைப்பட்டுக் கேட்ட மாற்றல்தான். ஆனாலும் ராஜபாளையம் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் போனேன்.