நீபோங் தீவுக்கு இரண்டு கடிதங்கள்

கேப்டன் மோரி விட்ட அறையில் மரியநாதனின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. குனிந்து தேடலாமா, குனிந்தால் சரியாக வணங்கவில்லை என்று இன்னொரு அறை விழுமா என்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

"இது என்ன?" மோரி ஒரு கடிதத்தை மேசைமேல் வீசினார். அவர் பேசுவது கொச்சை மலாய். ஆனால் கோபம் எந்த மொழியிலும் புரிந்துவிடும்.

கண்ணாடி இல்லாமலே மரியநாதனுக்கும் புரிந்தது. அது கடற்படைக்கு அவர் எழுதிய கடிதம். ராணுவத்துக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் ராணுவத்துக்கு எழுதியது?

"எனக்கு எழுதினது கடற்படைக்காரன் கையில இருக்கு! தீவுல இருக்கிற ஆளுங்க எல்லாரையும் சயாமுல ரயில் பாதை போட அனுப்பணும்னு படகு அனுப்பினேன். அதப் படிச்சு உஷாராகி, துப்பாக்கிய நீட்டித் திருப்பி அனுப்பிட்டான்!"

ஜொகூர் பாரு நில அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் கிராணியாக எழுத்து வேலை பார்ப்பவர் மரியநாதன். மாசாய்க்குத் தெற்கே நீரிணையில் கிடக்கும் நீபோங் தீவின் கோப்பு, அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே தலையணை மொத்தம் இருந்தது. தென்னந்தோப்பும் முப்பத்தெட்டுத் தமிழ்த் தொழிலாளிகளும் தவிர அங்கே எதுவும் கிடையாது. ஆனாலும் தீவு தன்னுடையது என்று ஜொகூர் சொன்னது. தன்னுடையது என்று சிங்கப்பூரிலிருந்த வெள்ளைக்காரன் சொன்னான். பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் சிறைக்குப் போனான், சிங்கப்பூர் பெயர் மாறிச் சியோனான் ஆனது, கோப்பு மட்டும் அப்படியே இருந்தது. இப்போது ஜொகூரில் இருந்த ராணுவம் தீவைக் கேட்டது. நீரிணைக்கு அக்கரையில் இருந்த கடற்படையும் கேட்டது.

முடிவு சொல்ல வேண்டிய ஜப்பானிய அதிகாரி மாதத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார். கேள்வி மரியநாதனின் மேசைக்கு வந்தது. சாயங்காலம் உயிரோடு வீடு போய்ச் சேர்வதைத் தவிர வேறு ஆசை இல்லாத மனிதர் அவர். ஆகவே மேலே பெறுநர் பெயரை மட்டும் மாற்றி, இருவருக்கும் ஒரே பதிலை எழுதினார்: "நீபோங் தீவு ஐயமின்றித் தங்களுடையதே." எழுதியதில் தப்பில்லை. கவரில் போட்டதில்தான் தப்பு.

மோரி போனதும், மூலையில் துடைப்பத்தோடு நின்றிருந்த அங்கம்மா அலமாரிக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். அலுவலகம் கூட்டுகிறவள். பியூனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனபிறகு தபாலையும் அவள்தான் கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள்.

"வலிக்குதாங்க, கிராணி ஐயா?"

"கண்ணாடி ஒடையலம்மா. அதுவே போதும்."

அன்றே அவர் தவறைத் திருத்த உட்கார்ந்தார். 'கடற்படைக்குத் தீவில் படகு கட்டி இளநீர் குடிக்க மட்டுமே அனுமதி' என்று ராணுவத்துக்கு எழுதினார். 'ராணுவத்துக்குத் தேங்காய் பறிக்க மட்டுமே அனுமதி' என்று கடற்படைக்கு எழுதினார். மூன்று முறை சரிபார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு, மரவள்ளி மாவுக் கூழால் கவர்களை ஒட்டி அங்கம்மாவிடம் கொடுத்தார்.

நான்காம் நாள் கடற்படை லெப்டினன்ட் ஹமாடா வந்தார். அவர் அறையவில்லை. ராணுவத்துக்கு எழுதிய கடிதத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். "இளநீர்?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். வாளைப் பாதி உருவி, மறுபடி உறையில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மோரியின் அறையே தேவலை என்று மரியநாதனுக்குத் தோன்றியது.

"மறுபடியும் மாத்திப் போட்டீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி லூசி.

"மூணு தடவ பார்த்தேன்லா!"

"அலமாக்! மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்கத் தின்னா மூளை எப்படி வேலை செய்யும்?" என்றவள், தன் தட்டிலிருந்த ஒரே கருவாட்டுத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "இதத் தின்னுட்டு நாளைக்காச்சும் ஒழுங்கா எழுதுங்க."

தீவில் இரண்டு பலகைகள் முளைத்தன. தெற்கு முனையில் கடற்படைப் பலகை, வடக்கு முனையில் ராணுவப் பலகை. தொழிலாளிகள் காலையில் ஒன்றை வணங்கிவிட்டு, தோப்பைக் கடந்து ஓடி மற்றதையும் வணங்கினார்கள். நடுவில் விழுந்த தேங்காயைத் தொட ஆளில்லை. ஒருத்தர் படகை மற்றவர் கரைசேர விடவில்லை.

மற்ற இடங்களில் அப்படியில்லை. உலு திராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நூற்றுப்பத்துப் பேரைச் சயாமுக்கு அனுப்ப உத்தரவு வந்தது. பட்டியலை மரியநாதன்தான் தட்டச்சு செய்தார். பாதிப் பேரைக் கோயில் திருவிழாவில் பார்த்த ஞாபகம் இருந்தது. பெயரைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்துத் தட்ட அவர் பழகிக்கொண்டார். ஆனாலும் சில பெயர்கள் வீடுவரை கூடவே வந்தன.

அடுத்த மாதம் இரு தரப்பும் ஆதாரம் கேட்டன. கோப்பில் இரண்டு பழைய வரைபடங்கள் இருந்தன. ஒன்றில் தீவு ஜொகூரின் நிறத்தில் இருந்தது. அது ராணுவத்துக்கு இனிக்கும். இன்னொன்றில் சிங்கப்பூரின் நிறத்தில் இருந்தது. அது கடற்படைக்கு இனிக்கும். அவரவருக்குப் பிடித்ததை அவரவருக்கு அனுப்பிவிட்டால் தொல்லை ஒழிந்தது. கவர்மேல் கொட்டை எழுத்தில் எழுதினார். ஒட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் அங்கம்மாவிடம் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் மோரியும் ஹமாடாவும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

"என் வரைபடம் எங்கே?" என்றார் மோரி.

"என்னுடையது எங்கே?" என்றார் ஹமாடா.

மரியநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுபடியும் அதே தப்பு. சாகப்போகிறவனுக்கு வரும் ஒருவிதத் தைரியத்தோடு அவர் சொன்னார்:

"துவான், உங்களோடது அவருகிட்ட இருக்கு. அவரோடது உங்ககிட்ட இருக்கு. ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாப் போதும்."

மோரி ஜன்னலைப் பார்த்தார். ஹமாடா தன் கையுறையைப் பார்த்தார். எதிராளிக்குச் சாதகமான ஆதாரம் தானாகக் கையில் வந்து விழுந்ததும், ராணுவம் அன்றே அதைக் கொளுத்திவிட்டது. கடற்படையும் அதையேதான் செய்திருந்தது. அதை முதலில் சொல்லப்போவது யார்?

கடைசியில் ஹமாடா தொண்டையைக் கனைத்தார். "இது சின்ன விஷயம் இல்லை. டோக்கியோ முடிவு செய்யட்டும்."

"ஆமாம், டோக்கியோ," என்றார் மோரி அவசரமாக.

டோக்கியோவின் பதில் வரும்வரை தீவிலிருந்து ஓர் ஆளையோ ஒரு தேங்காயையோ எவரும் எடுத்துப் போகக்கூடாது என்று மரியநாதன் தட்டச்சு செய்து கொடுத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே காகிதம் அதுதான்.

டோக்கியோவிலிருந்து பதில் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஜப்பான் சரணடைந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வந்த வாரமே புதிய துரை அலமாரியைக் குடைந்து, "நீபோங் தீவு இப்போது யாருடையது?" என்று கேட்டார். மரியநாதன் கோப்பைத் தூசிதட்டி அவர் முன்னால் வைத்தார்.

உலு திராமிலிருந்து போன நூற்றுப்பத்துப் பேரில் பதினேழு பேர் திரும்பியிருந்தார்கள். நீபோங் தீவில் முப்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒருநாள் படகேறி அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் காளியப்பன் கையில் ஒரு மாலை இருந்தது.

"எங்க உசுரு நீங்க குடுத்ததுங்க. கழுத்தக் காட்டுங்க, கிராணி ஐயா."

மரியநாதன் இரண்டு கையாலும் மாலையைத் தடுத்தார்.

"எனக்குப் போடாதீங்கப்பா. அந்த நூத்திப்பத்துப் பேரு லிஸ்ட்டும் இந்தக் கைதான் அடிச்சுது. உங்கள நான் காப்பாத்தல. கவர மாத்திப் போட்டேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ! கடுதாசிய ஒழுங்காக் கவர்ல போடத் தெரியாத கிராணி நான், அவ்வளவுதான்."

கூட்டிக்கொண்டிருந்த அங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"மொதத் தடவ மட்டுந்தாங்க நீங்க மாத்திப் போட்டீங்க, அதுல இவங்க பொழைச்சதப் பாத்துட்டுத்தான் மத்த ரெண்டு தடவையும் கூழு காயறதுக்கு முந்தி பிரிச்சு நான் மாத்தினேன் — எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, ஆனா இதுல இருக்கிறத எடுத்து அதுல போடப் படிப்பு எதுக்கு?"