ஸ்பானிஷ் பாட்டும் ஸ்டீரியோவின் தீர்ப்பும்

ஊரே எழுந்து ஆடிய பாட்டைக் கேட்டுக் கண்கலங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திருப்பதி லாட்ஜில் என் அறைத்தோழர் ஸ்டீரியோ. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தார். எந்தப் பாட்டையும் பதிவதற்கு முன் அதன் நிறைகுறைகளை விளக்குவார். விளக்கம் முடிவதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்கள்.

துபாயில் கம்பி கட்டப் போன சித்தூர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது ஒரு ஸ்பானிஷ் பாட்டைக் கொண்டுவந்தார். கிடார், தாளம், நடுவில் ஒருவன் மூச்சு வாங்கப் பாடுகிறான். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் மலையடிவாரத்து அலிபிரி ஜீப்காரர்கள் முதல் சந்திரகிரி கல்யாண பேண்டு வரை எல்லோருக்கும் அதுதான் வேண்டும். தெலுங்கைத்தான் தலைகீழாகப் பாடியிருக்கிறான் என்றார் ஒரு டிரைவர். லாட்ஜ் மேனேஜர் பக்திப் பாட்டு என்று நம்பி, ஊதுபத்தி கொளுத்தி வைத்துக் கேட்டார். இங்கிலீஷ் பேப்பர் படிக்கும் லெக்சரர் ஒருவர், பாட்டில் சரக்கே இல்லை என்று காலால் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார்.

ஸ்டீரியோ மட்டும் பதிந்து தர மறுத்தார். "இது ஒப்பாரிப்பா. அவன் அழுதுகினு கீறான், நீங்க ஆடிக்கினு கீறீங்க."

வியாபாரம் படுத்தது. கடையை மூட வேண்டிவரும் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில், கோயில் பார்க்க வந்திருந்த ஸ்பெயின் நாட்டு அம்மாள் ஒருவரைக் கடைக்கே அழைத்து வந்தேன். அவர் கேட்டுச் சிரித்தார். கடற்கரையில் ஒருத்தியை ஆட வரச்சொல்லிக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

ஸ்டீரியோ டேப்பை நிறுத்தினார். "அவ வரலன்னா?"

அதை நான் இங்கிலீஷில் கேட்டதும் அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டில் அது இல்லை என்றார். இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றும் குழப்பம்தான்.

மறுநாள் முதல் ஸ்டீரியோ அந்தப் பாட்டைப் பதிந்து கொடுத்தார். ஆனால் பாட்டு முடிந்ததும் கேசட்டில் அவர் குரல் வரும்: "அந்தப் பொண்ணு வந்துடுச்சி." வாங்கியவர்கள் முதலில் விழித்தார்கள். பிறகு எதிர்க்கடையில் பதிந்தவர்கள்கூட, பொண்ணு வந்த கேசட்தான் வேண்டும் என்று இவரிடம் வந்து நின்றார்கள்.

கம்ப்யூட்டர் வேலைக்கு நான் சிங்கப்பூர் போனபோது ஸ்டீரியோ அந்தக் கேசட்டில் ஒன்றை என் பெட்டியில் வைத்துவிட்டார். அங்கே தனியாக இருந்த நாட்களில் பாட்டை ஓட்டிவிட்டு, அந்தக் கடைசி வரியை மட்டும் கேட்பேன். அது யார் குரல் என்று ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன்.