பிஷப்பின் பொத்தான் மேல் காத்திருந்த பணம்

தேர்ஸ்க்,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மூரியல் அவர்களுக்கு,

தேர்ஸ்க்கிலிருந்து உங்கள் தங்கை பெரிலின் கணவன் நோரிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். பூனை என்னைவிட நலம். விட்பியில் கடற்காற்று உங்கள் முழங்கால்களைப் பதம் பார்க்காமல் இருக்கிறது என்று நம்புகிறேன். ஒன்பது நாட்களாக உங்கள் மாடியறையில் தங்கியிருக்கும் பெரிலும் நலமாகவே இருப்பாள். அதை அவளிடமே கேட்கலாம்தான். ஆனால் நான் போன் செய்தால் நீங்கள்தான் எடுக்கிறீர்கள், எடுத்ததும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே தபால்.

வருகிற சனிக்கிழமை எங்களுக்குத் திருமணமாகி நாற்பது வருடம். அதற்குள் அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதே என் ஒரே வேண்டுகோள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னால் உங்கள் மனம் இளகும் என்று நினைக்கிறேன், ஒளிக்கவும் இனி ஒன்றும் மிச்சமில்லை.

நான் குதிரை மேல் பணம் கட்டினேன் என்று அவள் சொல்லியிருந்தால் அது முழு உண்மை அல்ல. நான் செய்தது வியாபாரம். கணினியில் ஒரு பந்தயச் சந்தை இருக்கிறது. அதில் ஒருவர் குதிரை ஜெயிக்கும் என்கிறார், இன்னொருவர் ஜெயிக்காது என்கிறார், இருவரும் தங்களுக்குள் கட்டிக்கொள்கிறார்கள். பந்தயம் தொடங்கும்வரை விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு எட்டு என்று இருக்கும்போது பிடித்து, கூட்டம் மொய்த்து ஒன்றுக்கு ஐந்தாக இறங்கியதும் கைமாற்றிவிட்டால், பிறகு குதிரை எந்த இடத்தில் வந்தாலும் நமக்குக் கவலையில்லை. விலை எந்தப் பக்கம் நகரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அடையாளங்கள் உண்டு. முக்கியமான அடையாளம், வாங்குவதற்காக, அதாவது ஜெயிக்கும் என்று கட்டுவதற்காக, எதிராளுக்குக் காத்திருக்கும் பணம். ஒரு குதிரையை வாங்க நிறையப் பணம் வரிசையில் நின்றால் அதன் விலை இறங்கப்போகிறது என்று பொருள். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் கைகாட்டி இறக்கியவன் நான். கைகாட்டி இறங்கினால் ரயில் வரும். வராமல் போனதாக என் பணிக்காலத்தில் ஒரு நாளும் இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அடையாளம் பார்க்கிற பழக்கம் கொஞ்சம் கைமீறிப் போனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறைந்த உங்கள் கணவர் ஆல்பர்ட்டின் நினைவுத் தேநீர் விருந்தின்போது நான் தலைகுனிந்து மடியில் பார்த்துக்கொண்டிருந்தது ஜெபப் புத்தகம் அல்ல. அதற்கு மன்னிப்பு. அதைவிடப் பெரிய தப்பு அந்த நோட்டுப் புத்தகம். குதிரைகளுக்குப் போட்ட பட்டியலின் ஓரத்தில் 'பெ' என்று ஒரு பத்தி போட்டு, அலமாரிக் கதவை எத்தனை முறை அடித்துச் சாத்தினாள், எத்தனை பெருமூச்சு, என் பெயரை முழுதாகச் சொன்னாளா சுருக்கிச் சொன்னாளா என்றெல்லாம் நாள்வாரியாகக் குறித்து, வியாழனுக்குள் நிலைமை சீராகும் என்று அடியில் எழுதியும் வைத்திருந்தேன். அக்கறையில்தான் செய்தேன். அவள் அதைப் படித்துவிட்டு, "நோரிஸ், இந்தப் பக்கத்துல நாலு கால் இல்லாதது நான் ஒருத்திதானே?" என்று அமைதியாகக் கேட்டாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கேட்டரிக் மைதானத்தில் மூன்று பத்துக்கு ஓடும் பந்தயம். மழை, சின்னப் பந்தயம், ஊரில் யாரும் சீண்டாத குதிரைகள். காலைச் சிற்றுண்டியின்போது, பிஷப்பின் பொத்தான் என்ற குதிரையை வாங்குவதாக ஒரு தொகையை வரிசையில் போட்டுவிட்டு, பவுல்ஸ் கிளப்பில் பந்து உருட்டப் போய்விட்டேன். திரும்பி வந்து, ஆட்டிறைச்சி சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால் பிஷப்பின் பொத்தானை வாங்க மலைபோல் பணம் நிற்கிறது. கிளப் நண்பர் டெஸ்மண்டைப் போனில் கூப்பிட்டேன். "நானும் பாத்தேன்யா. லாயத்துல யாருக்கோ விஷயம் தெரிஞ்சிருக்கு," என்றார். நான் இன்னும் கொஞ்சம் போட்டேன். அவரும் போட்டார். கிளப்பின் இன்னொரு நண்பர் ஹோரஸ் கூப்பிட்டு, "நோரிஸ், நிக்கிற பணம் இப்ப ரெண்டு மடங்காயிருச்சு, இதப் பாத்துக்கிட்டே மாத்திர போட மறந்துட்டேன்," என்றார். நான் மேலும் போட்டேன். விலை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் உங்கள் தங்கை கோட்டு மாட்டிக்கொண்டு கையில் பெட்டியோடு வாசல் அறையில் வந்து நின்றாள். "நான் மூரியல் வீட்டுக்குப் போறேன்," என்றாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவசரப்படாதே, ரெண்டு நிமிஷத்துல திரும்பிடும்," என்றேன். "எது?" என்றாள். "விலை," என்றேன். அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அடித்துச் சாத்தவில்லையே, நல்ல அறிகுறி என்று எழுதிக்கொண்டேன்.

பரணிலிருந்த பெட்டி அவள் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே கூடத்துக்கு வந்திருந்தது. பூனைக்குப் பதினான்கு டப்பா உணவு வாங்கி அடுக்கியிருந்தாள். என் சட்டைகள் எல்லாம் தேய்த்துத் தொங்கின. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தாள். மூரியல், இத்தனை கைகாட்டிகளும் ஒரே நேரத்தில் இறங்கியிருக்கின்றன. நானோ, அவளுக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

விலை திரும்பவில்லை. உண்மையில் விஷயம் தெரிந்தவர் யாரோ ஒருவர் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். நாங்கள் வரிசையில் போட்டிருந்ததையெல்லாம் ஒரே வாயில் விழுங்கிவிட்டார். கைமாற்ற ஆள் இல்லை. பிஷப்பின் பொத்தான் கடைசியாக வந்தது. தொகையை எழுதி உங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்ற விரும்பவில்லை. மறுநாள் கிளப்பில் மூன்று பேரும் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு எவ்வளவு போட்டோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். வரிசையில் மலைபோல் நின்ற தொகையோடு மொத்தமும் அப்படியே பொருந்தியது. லாயத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. காலையில் முதலில் நின்ற பணம் நான் போட்டது. அதைப் பார்த்து டெஸ்மண்ட் போட்டது, டெஸ்மண்ட் போட்டதைப் பார்த்து ஹோரஸ் போட்டது, அதையெல்லாம் பார்த்து மறுபடி நான் போட்டது. என் பணத்தைப் பார்த்தே நான் மலைத்துப்போயிருக்கிறேன். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, "நமக்குள்ள ஒருத்தன் மட்டும் முட்டாளா இருந்திருந்தா மத்த ரெண்டு பேரும் தப்பிச்சிருக்கலாம்," என்றார்.

அன்றே கணினியைத் தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன். நோட்டுப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. அலமாரிக் கதவை நானே ஒருமுறை அடித்துச் சாத்திப் பார்த்தேன், அதே சத்தம் வரவில்லை. அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை, மூரியல். இதை நாற்பது வருடத்தில் அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிட்டேன். இனி என் வாழ்நாளில் எந்த அடையாளத்தையும் பார்த்து எதையும் கணிக்க மாட்டேன், யார் பணம் எங்கே நிற்கிறது என்று திரும்பியும் பார்க்க மாட்டேன் என்று ஆல்பர்ட்டின் நினைவின் மேல் உறுதி கூறுகிறேன். இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் முழங்கால்களுக்கும், கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கும், கடலுக்குப் போயிருக்கும் உங்கள் மகனுக்கும் இறைவன் துணையிருக்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
நோரிஸ் ஓகில்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் டெஸ்மண்ட் வந்தார். சனிக்கிழமைக்குள் பெரில் திரும்புவாளா என்று கிளப்பில் ஒரு வாரமாகப் பந்தயம் நடக்கிறதாம், ஹோரஸ் கரும்பலகையில் விலை எழுதுகிறாராம். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் திரும்புவாள் என்பதற்குப் போன திங்களன்று விலை ஒன்றுக்கு எட்டு. இன்று காலை ஒன்றுக்கு ஒன்று. யாரோ பெரிய தொகையாகப் போட்டிருக்கிறார்கள். முதல் வேலையாக அது என் பணமா என்று யோசித்தேன், இல்லை. டெஸ்மண்டும் பைபிள் மேல் சத்தியம் செய்தார். விட்பியிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்து கட்டினாராம். பெயர் சொல்லவில்லை. மாத்திரையெல்லாம் வேளாவேளைக்குப் போடுகிறீர்களா என்று ஹோரஸிடம் விசாரித்துவிட்டு, "நோரிஸ் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது, விலை கெட்டுடும்," என்றாராம். ஆகவே, மூரியல், தயவுசெய்து இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். நான் இரண்டு பேருக்கு ஹேடக் மீன் வாங்கப் போகிறேன். முன்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தே வைத்திருக்கிறேன்.