அறை வெப்பம் எவ்வளவு?

காட்டில் புலி குறைந்துவிட்டது, வயலில் குருவி குறைந்துவிட்டது என்று அங்கலாய்க்கிறீர்களே, எந்தக் காலத்திலும் குறையாத இனம் ஒன்று உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் 'கொள்கையளவில் சம்மதக்காரர்'. எங்கள் ஜெனீவாவின் கூட்ட அறைகளில் இது மந்தை மந்தையாக மேயும். அங்கே குறிப்பெடுத்து வயிறு வளர்ப்பவன் நான். ஆகவே உத்தமமான ஒரு மாதிரியை உங்களுக்குக் காட்ட முடியும்: முஸ்யே ஆன்செல்ம் பெரோஷே, மருத்துவப் பரிசோதனைகளுக்கு உலகப் பொது அளவு வகுக்கும் குழுவின் தலைவர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி" என்று சொல்லிப் பாருங்கள், "எதைவிட?" என்பார். ரொட்டிக்கடைக்காரி "இப்பத்தான் சுட்டது" என்றால், "இப்பன்னா எப்போ?" என்று கேட்டுப் பின்னால் நிற்கும் வரிசையின் சாபத்தை மொத்தமாக வாங்கிக்கொள்வார். உருக்கிய பாலாடைக்கட்டிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஊரே ரொட்டியைத் தோய்த்துத் தின்னும்போது, எவ்வளவு ஆழம் போனால் அது தோய்ப்பது, எவ்வளவு போனால் அது முக்குவது என்று முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிப்பார். அதற்குள் சட்டி காலி. நல்ல மனிதர், சத்தியமாக நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார். ஒரு காரியத்தை முடிக்கவும் மாட்டார்.

எங்கள் கூட்டங்களில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் சம்மதிக்க வேண்டும். யாருக்காவது ஒரு சொல் உறுத்தினால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுவோம். கடைசி நாளில் ஓர் அடைப்பு மிச்சமிருந்தாலும் போச்சு, தீர்மானம் முழுவதும் அடுத்த வருஷத்துக்கு! அடைப்புப் போடுவதில் பெரோஷேவை மிஞ்ச ஆள் இல்லை.

இந்தத் தடவை விஷயம், கழுத்துக்குள் இருக்கும் ஒரு குட்டிச் சுரப்பி. அது அதிகமாகச் சுரந்தால் எலும்பு கரையும். அது சுரப்பதை ரத்தத்தில் அளக்கும் கருவிகள் பல. ஒரே ரத்தத்துக்கு ஒரு கருவி "கழுத்தை அறு" என்னும், இன்னொரு கருவி "சும்மா விடு" என்னும். பரிகாரமும் தயாராக இருந்தது. சுரப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்த ரத்தத்தைக் குப்பியில் அடைத்து எல்லா மருத்துவமனைக்கும் அனுப்பி, அதை வைத்துக் கருவிகளைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்வது. எல்லாவற்றுக்கும் சம்மதம் கிடைத்தாயிற்று, ஒரே ஒரு வரி பாக்கி: 'குப்பியை அறை வெப்பத்தில் திறக்கவும்.'

"அறை வெப்பம்னா எவ்வளவு?" என்றார் பெரோஷே.

"இருபத்தஞ்சு" என்றது ஒரு குரல்.

"எங்க ஊர்ல இருபத்தஞ்சு இருந்தா அதுக்குப் பேர் கோடை" என்றார் பின்லாந்துக்காரர் லெஹ்தோ. "இருபதுதான் அறை."

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். இன்னொருவர் எழுந்து மூடினார். காலையெல்லாம் இதே கூத்து.

பெர்ன் நகர மருத்துவர் ரேகுலா மேஜையைத் தட்டினார். "ஐயா, எந்த நம்பரா இருந்தா என்ன? எல்லாரும் ஒரே நம்பரை வெச்சுக்கிட்டாப் போதும்! அங்க நோயாளிங்க கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க!"

"கொள்கையளவில் சம்மதம், மதாம். ஆனா அவசரம் அறிவியலுக்கு ஆகாது" என்று பெரோஷே 'அறை வெப்பம்' என்ற இரண்டு சொல்லையும் அடைப்புக்குள் போட்டார்.

அப்படிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருத்தி அவர் மனைவி ஒதில் என்பது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஒதில் தேவாலயப் பாடகர் குழுவின் முதல் குரல். அவள் பாட ஆரம்பித்தால் என்னைப் போன்ற சாமி கும்பிடாதவனும் எழுந்து நிற்பான். கொஞ்ச நாளாக அவளுக்கு எலும்பு வலி. ஜெனீவா மருத்துவமனை, சுரப்பியை உடனே எடுக்க வேண்டும் என்றது. எல்லை தாண்டி இருந்த பிரெஞ்சு மருத்துவமனை, தொடவே வேண்டாம் என்றது. எடுத்தால் குரல் நரம்பில் கத்தி படலாம். விட்டால் எலும்பு பொடியலாம்.

"ரெண்டுல எது சரி, ஆன்செல்ம்?"

"ரெண்டுமே சரிதான், ஒதில். அவங்கவங்க அளவுப்படி."

"அளவு ரெண்டு இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கழுத்து ஒண்ணுதான்!"

பெரோஷே எழுந்து போய்த் தீர்மான நகலை எடுத்துவந்து, தான் போட்ட அடைப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாள் கூட்டத்தின் கடைசி நாள். பெரோஷே டைகூடக் கட்டாமல் ஓடிவந்தார். "அடைப்பை எடுத்துடறேன். இருபதோ இருபத்தஞ்சோ, எதுவானாலும் எனக்குச் சம்மதம்!" அன்று சம்மதம் கிடைத்திருந்தால் இரண்டு மருத்துவமனைகளும் அந்த வாரமே ஒரே குப்பியை வைத்துச் சரிபார்த்திருக்கும்.

லெஹ்தோ தொண்டையைச் செருமினார். "போட்டவரே எடுக்க முடியாதே தலைவரே. எல்லாரும் சேர்ந்துதான் எடுக்கணும். நீங்க கொண்டுவந்த விதிதானே?"

"ஐயோ, என் பெண்டாட்டி கழுத்துய்யா!"

"கொள்கையளவில் எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா…"

அந்த 'ஆனா' சாயங்காலம் வரை நீண்டது. ஒருவர் இருபத்து மூன்று என்றார். ஒருவர் 'குப்பி' என்பதற்கே இலக்கணம் கேட்டார். காலையில் ஒன்றாக இருந்த அடைப்பு மாலையில் நாலாயிற்று. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அது போய்ச் சுட்டது ஒதிலை.

வலி பொறுக்காமல் அவள் ஜெனீவா மருத்துவமனையிலேயே அறுவை செய்துகொண்டாள். எடுத்த சுரப்பியில் ஒரு கோளாறும் இல்லை. "எங்க கருவிப்படி நாங்க செஞ்சது சரி" என்றார் அறுவை மருத்துவர். அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. ஒதிலின் குரல் கட்டியது கட்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாடகர்களுக்குப் பாட்டுத்தாள் எடுத்துக் கொடுக்கிறாள்.

பெரோஷே இப்போது எதைக் கேட்டாலும் உடனே "சம்மதம்" என்கிறார். குழுவில் அவரைப் பற்றி என்ன பேச்சு தெரியுமா? "பாவம், முன்ன மாதிரி கூர்மை இல்ல."

ஜெனீவாக்காரன் பைத்தியம் என்று நீங்கள் சிரிக்கலாம், தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் ஒருவர், "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?" என்று கேட்டு, "பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்லி எவ்வளவு நாளாயிற்று? கணக்கெல்லாம் அப்புறம் போடலாம். முதலில் எழுந்து செருப்பை மாட்டுங்கள்.